மேகம் போட்டுவிடவா, அண்ணாச்சி?

தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அழைப்பிதழுக்கு ஊர்ப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தென்காசி காசிவிசுவநாதர் கோயில் கோபுரத்தைப் பங்குனி மாதக் காலை ஒன்றில் எடுத்து வைத்திருந்தேன். கிழக்கே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று எடுத்தது. கோபுரத்தின் முகத்தில் நேராக இளவெயில் விழுந்து, சுதை உருவம் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். பின்னால் வெளிறிய நீலத்தில் மலைத்தொடர். அதற்கு மேலே மருந்துக்குக்கூட மேகம் இல்லாத வானம். ஸ்டூடியோக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். “கோபுரம் அருமையாக விழுந்திருக்கிறது அண்ணாச்சி. வானம்தான் வெறிச்சென்று கிடக்கிறது. மேகம் போட்டுவிடவா?” என்றார். சட்டைக்குப் பொத்தான் வைக்கட்டுமா என்று கேட்கும் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை “போடுங்கள், நன்றாக இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

அச்சாகி வந்த அட்டையில் கோபுரத்துக்குப் பின்னால் செக்கச்செவேல் என்று அந்தி வானம். இடப்பக்கம் பஞ்சுப் பொதியாக மேகங்கள் எழும்பி நிற்கின்றன, அவற்றின் அடியில் சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது. கோபுரமோ கிழக்கு பார்த்தது, அதன் முகத்தில் அடிப்பது காலை வெயில். அப்படியென்றால் முன்னால் ஒரு சூரியன், பின்னால் ஒரு சூரியன். அதைக்கூட அழைப்பிதழ்க் கணக்கில் விட்டுவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் கண்டுகொண்டேன், மலையைக் காணவில்லை. தூரத்து மலையின் நீலமும் ஒருவகையில் வானத்தின் நீலம்தான். நமக்கும் மலைக்கும் இடையில் உள்ள காற்று சிதறடிக்கும் வெளிச்சம் அது. வானம் எது, நிலம் எது என்று தானே பிரித்துக்கொள்ளும் மென்பொருள் மலையையும் வானம் என்றே எடுத்துக்கொண்டு, வானத்தோடு சேர்த்து அதையும் கழற்றிப் போட்டுவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை இல்லாத தென்காசி! அட்டையை வாங்கிய உறவுக்காரர்கள் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. எல்லோரும் இந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். “கோபுரம் நன்றாகத் தெரிகிறது அல்லவா, அப்புறம் என்ன அண்ணே?” என்றாள் தங்கை. கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. மேகத்தைப் ‘போடுவது’ என்றால் என்ன?

பழைய தொழில்தான்

நடந்ததைக் காட்டுவதுதான் புகைப்படம், நடக்காததைச் சேர்ப்பது பொய். எனக்குள் முதலில் எழுந்த வாதம் இதுதான். சொல்லும்போது கம்பீரமாக இருக்கிறது, ஆனால் புகைப்படத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலும் கால் நழுவிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளில் பூசிய மருந்துக்கு நீல வெளிச்சம் என்றால் பேராசை. நிலமும் கடலும் பதியும் நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக வரும். மேகம் இருந்ததற்கான சுவடே இருக்காது. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857 ஆண்டுகளில் எடுத்த கடல் படங்கள் அன்றைய ஐரோப்பாவை வியக்க வைத்தன. அலையும் தெரிந்தது, மேகமும் தெரிந்தது. அவற்றில் பல படங்களில் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் ஒட்ட வைத்து ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார். ஒரே வானம் வெவ்வேறு கடல்களின் மேல் வந்திருப்பதும் உண்டு. அவருக்குப் பின்னால் வந்த தொழில்முறைக்காரர்கள் மேகத் தகடுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய படத்துக்கு வேண்டிய வானத்தை எடுத்து மாட்டினார்கள். போட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி 2020இல் வந்தபோது ஏதோ புதிய பித்தலாட்டம் பிறந்துவிட்டது போல் நண்பர்கள் வட்டத்தில் புலம்பினோம். எங்கள் ஸ்டூடியோக்காரர் செய்தது நூற்றறுபது ஆண்டுப் பழக்கம். அவருக்கு முன்னால் லெ கிரேயை நிறுத்தினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் அமெரிக்காவின் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். 1922இல் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டுகள் மேகங்களையே எடுத்துத் தள்ளினார். ஒட்டுவேலை எதுவும் கிடையாது. ஆனால் பெரும்பாலான படங்களில் நிலமும் கிடையாது. மரமில்லை, மலையில்லை, தொடுவானம் இல்லை. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றுகூடச் சொல்ல முடியாத வானத் துண்டுகள். தன் உள்ளத்தின் நிலைகளுக்கு அவை ஈடானவை என்று அவர் கருதினார். பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தட்டுகிறது. ஸ்டூடியோக்காரர் மலையை அறியாமல் அழித்தார், ஸ்டீக்லிட்ஸ் அறிந்தே விலக்கினார். இரண்டிலும் மேகம் தனக்குக் கீழே உள்ள இடத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத பொருளாகிவிடுகிறது. என் உறுத்தல் உண்மை, பொய் பற்றியது அல்ல என்று இங்கேதான் எனக்கு மெல்லத் தெளிவாகத் தொடங்கியது.

நகராத மேகம்

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே மறைப்பே இல்லாமல் மலை. ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் முகடுகளின் மேல் ஒரு வெள்ளை மேகம் வந்து குந்திக்கொள்ளும். காலை காபியோடு பார்த்தாலும் இருக்கும், பதினோரு மணிக்குப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே தடிமனில் இருக்கும். கீழே காற்று தென்னையைப் பிய்த்துக்கொண்டு போகும், மாடியில் நிற்க முடியாது. மேகமோ அசையாது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதால் இதில் விசித்திரம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. படங்களும் நிறைய எடுத்திருக்கிறேன். எல்லாமே அழகான, ஒன்றுபோல் இருக்கும், யாருக்கும் எதற்கும் பயன்படாத படங்கள்.

அழைப்பிதழ் விவகாரத்துக்குப் பிறகு வந்த சீசனில் முக்காலியை மாடிச் சுவரோரம் நிறுத்தி, கால்களில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று கேமராவை முடுக்கிவிட்டுக் கீழே போய்விட்டேன். வெளிச்சம், நிறம் இரண்டையும் தானியங்கியில் விடாமல் கையால் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தன் மனத்தை மாற்றிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கும்போது வானம் கண் சிமிட்டும். ஒரு மணி நேரத்துக்கு 720 படங்கள். நொடிக்கு இருபத்தைந்து படம் என்ற வேகத்தில் ஓட்டினால் அரை நிமிடம்கூட வராது. அந்த அரை நிமிடத்தைத் திரையில் பார்த்தபோது நான் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மேகம் அங்கே இல்லை. அங்கே இருந்தது ஓர் ஓட்டம். முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளை பொங்கி எழுகிறது, தாழ்வான இடுக்கு எங்கே என்று பார்த்து அதில் நாக்கு நாக்காக இந்தப் பக்கம் வழிகிறது, வழிந்து பாதி மலை இறங்குவதற்குள் ஓரம் பிசிறி, நூலாகி, காணாமல் போகிறது. காணாமல் போகும் இடம் தற்செயலானது அல்ல. மலையின் நடுவே செடி கொடி இல்லாத ஒரு வழுக்குப் பாறை உண்டு. எந்த நாக்கு எந்த இடுக்கில் இறங்கினாலும் அந்தப் பாறையின் மட்டத்துக்கு வந்ததும் கரைந்தது. கோடு கிழித்தது போல ஒரே உயரம். வாய்க்காலில் கல்லுக்குப் பின்னால் ஓர் அலை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் அல்லவா, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அலை மட்டும் நிற்கும். எங்கள் மலை மேகம் அந்த வகை.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை, பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததுதான். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக் காற்றுக்கு மலை குறுக்கே நிற்கிறது. ஏறித்தான் ஆக வேண்டும். ஏறும் காற்று நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குளிரும். ஒரு கட்டத்தில் தன்னிடம் உள்ள நீராவியைத் தாங்க முடியாமல் துளிகளாக்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துளிகள். அவற்றில் பெரும்பகுதி ஒன்றுகூடி கேரளப் பக்கமே மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. மிச்சத்தோடு முகட்டைத் தாண்டும் காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கினால் அழுத்தம் கூடும், சூடாகும், துளிகள் மறுபடியும் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும். அது நடக்கும் உயரம்தான் அந்தப் பாறை மட்டம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகட்டின் மேல் மேகத்தின் அகலம் இரண்டு கிலோமீட்டர், காற்றின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி பிறந்து மறைவதற்கு இருநூறு நொடி. மூன்றரை நிமிடத்துக்குள் முழு மேகமும் வேறு மேகம். காபிக்கும் பதினோரு மணிக்கும் இடையில் அங்கே அசையாமல் இருந்தது எது? துளிகள் இல்லை. ஈரக் காற்று, மலை, இரண்டும் மோதும் உயரம் இவற்றுக்குள் இருந்த உறவு மட்டும்தான் இருந்தது. மலையை எடுத்துவிட்டால் அந்த மேகம் ஒரு நொடிகூட நிற்காது. ஸ்டூடியோவில் மலையை எடுத்துவிட்டு மேகத்தைப் போட்டிருந்தார்கள்!

இதே வேலையைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவர் ஜப்பானில் இருந்திருக்கிறார். மசனாவோ அபே, பிரபு குடும்பத்தில் பிறந்த இயற்பியலர். ஃபூஜி மலை தெரியும் கோதெம்பா என்ற ஊரில் 1920களின் பிற்பகுதியில் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் கட்டி, அந்த மலையின் மேல் வந்து உட்காரும் மேகங்களைப் புகைப்படமாகவும் சினிமாச் சுருளாகவும் பதினைந்து ஆண்டுகள் போல எடுத்துத் தள்ளினார். ஃபூஜியின் தலையில் தொப்பியாகக் கவிழும் மேகம், மலையை விட்டுத் தள்ளிக் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொங்கும் மேகம் என்று வகை வகையாக. அவருடைய அக்கறை மேகத்தில் இல்லை, காற்றில். கண்ணுக்குத் தெரியாத காற்று மலையைச் சுற்றி எப்படி ஓடுகிறது என்பதை மேகம் காட்டிக்கொடுக்கிறது, அதனால் மேகத்தை எடுத்தார். அந்தப் படங்கள் கலைக்காக எடுக்கப்படவில்லை. ஆனால் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஸ்டீக்லிட்ஸா அபேயா என்றால் நான் யோசிக்காமல் அபே பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவருடைய படத்தில் கீழே ஃபூஜி இருக்கிறது.

விளிம்பைப் பார்ப்பவர்கள்

எங்கள் ஆச்சிக்குக் கேமரா தெரியாது, அபேயும் தெரியாது. சீசன் நாட்களில் துணியை மாடியில் காயப்போடுவதா, தாழ்வாரத்துக் கொடியில் போடுவதா என்பதை அவள்தான் முடிவு செய்வாள். மாடிப்படியின் மேல்படியில் நின்று மேற்கே ஒரு பார்வை. “பாறை தெரிகிறது, மேலேயே போடு” என்பாள். சில நாள் “பாறை மூடிவிட்டது, கொண்டு வா உள்ளே” என்பாள். அப்போது மாடியில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆச்சிக்கு வயதாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை அள்ளி வருவோம். அரை மணி நேரம் போவதற்குள் வெயிலோடு வெயிலாகச் சாரல் வந்துவிடும். மேகம் கரைகிற கோடு அந்தப் பாறைக்குக் கீழே இறங்கினால், இந்தப் பக்கம் வரும் காற்றில் ஈரம் கூடியிருக்கிறது, முகட்டைத் தாண்டிய துளிகள் கரையாமல் ஊர் வரை வந்து விழும் என்று பொருள். மேகம் கறுப்பா வெள்ளையா, பெரிதா சிறிதா என்று அவள் பார்ப்பதே இல்லை. விளிம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்கு வேண்டிய சங்கதி. நான் செங்கல்லும் முக்காலியுமாக மல்லுக்கட்டிக் கண்ட கோட்டை அவள் ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டே கண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து நானும் விளிம்பைத்தான் எடுக்கிறேன். மேகத்தின் நடுப்பகுதி எல்லா ஊரிலும் ஒன்றுதான், வெள்ளை அல்லது சாம்பல். நடப்பதெல்லாம் ஓரத்தில் நடக்கிறது. வெயில் காலத்து மத்தியானங்களில் சமவெளியின் மேல் எழும்பும் திரள் மேகங்களைப் பாருங்கள். அடிப்பக்கம் அத்தனையும் ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கும். தரையிலிருந்து ஏறும் சூடான காற்று எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் துளியாகிறது, அந்த உயரத்தை எழுதிக் காட்டும் கோடு அது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், உள்ள இடைவெளியை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் அந்த உயரம் கிடைத்துவிடும். வெப்பம் 33, பனிநிலை 25 என்றால் ஆயிரம் மீட்டர். மேல் ஓரம் காலிபிளவர் போலக் கூர்மையாக இருந்தால் மேகம் இன்னும் வளர்கிறது. அதே ஓரம் நார் நாராக இழுபட்டு மங்கினால் உச்சியில் துளி பனித்துகளாகிவிட்டது, இனி இடியை எதிர்பார்க்கலாம். ஆவணி மாத மாலைகளில் சென்னையில் மேற்கு வானத்தில் பட்டறைக்கல் தலையோடு எழும் கார்திரள் மேகங்கள் இந்த ஜாதி. அவற்றின் தலை பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக்கூடப் போகும். கணக்குப்படி அந்த உயரத்தை நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்க்கலாம். நடுவில் புழுதியும் பிற மேகமும் மறைப்பதால் அவ்வளவு தூரம் தெரிவதில்லை. ஆனால் வேலூர்ப் பக்கத்து மின்னலைச் சென்னை மாடியிலிருந்து சத்தமில்லாமல் பார்த்திருக்கிறேன். இடிச்சத்தம் இருபது கிலோமீட்டருக்கு மேல் வருவது அபூர்வம்.

தொழில்நுட்பம் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது குறைவு. மேகத்தின் மிக வெளிச்சமான ஓரம் எரிந்து வெள்ளையாகிவிடக் கூடாது, அதற்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறையுங்கள். நிலம் இருட்டினால் இருட்டட்டும். எரிந்துபோன வெள்ளையில் எதையும் மீட்க முடியாது. நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து காலை வேளையில் எங்கள் மலையைப் பார்த்துத் திருகுவதில் பயனே இல்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அது வேலை செய்யாது, சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் செய்யும். காலையில் வடக்கேயோ தெற்கேயோ திரும்புங்கள். கைபேசிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தை இருட்டாக்கி, சாதுவான சாம்பல் மேகத்தைக்கூட ஊழிக்காலத்து முகிலாக்கிவிடுகின்றன. ஆனியில் வருகிறவர்கள் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் நின்று எடுத்துக்கொண்டு போகும் படங்களில் எல்லாம் இன்னும் ஐந்து நிமிடத்தில் பிரளயம் வரப்போகிறது. அன்றைக்கு விழுந்தது நாலு தூறல்.

வானவில்லுக்கும் இங்கே ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வானவில்லை மாலை நேரத்துச் சமாசாரமாக நினைக்கிறார்கள். சாரல் மலைப்பக்கம், அதாவது மேற்கே விழுகிறது. சூரியன் கிழக்கே இருக்க வேண்டும். ஆகவே எங்களுக்கு வானவில் காலையில். சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். ஆடி மாதத்தில் அந்த உயரம் வருவது ஒன்பது மணி சுமாருக்கு. தரையில் நிற்பவர்களுக்கு அதற்கு மேல் கடை சாத்தியாகிவிட்டது. சாரலின் துளி மிகவும் சிறியது என்பதால் நிறங்கள் பெருமழை வானவில்லைப் போல அடர்த்தியாக இருக்காது, கழுவிக் கழுவி வெளுத்த துணியின் சாயமாக இருக்கும். சிலர் படத்தில் அதை அடர்த்தியாக்கிப் போடுகிறார்கள். எனக்கு அந்த வெளுப்புதான் வேண்டும். துளி எவ்வளவு சிறியது என்பதை வேறு எது சொல்லும்?

ஒன்றுமில்லாத படம்

என் சேகரிப்பில் ஒரு படம் இருக்கிறது. பார்ப்பவர்கள் தவறுதலாகக் கேமரா அழுந்திவிட்டதா என்று கேட்பார்கள். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சாம்பல். மேகத்துக்கு உருவம் இல்லை, விளிம்பு இல்லை, மலை இல்லை. கீழே தென்னையின் கருத்த தலை மட்டும் ஒரு மூலையில். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படி வாசலில் நின்று நனையாமல் எடுத்தது. அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செண்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுவதும் வழக்கமாகக் கிடைக்கும் மழையைவிட அதிகம், ஒரே நாளில். தாமிரபரணி கரை புரண்டது, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. எங்கள் பக்கமும் மழை விடவில்லை. எங்கள் தலைமுறை பார்த்த பெரிய வானம் அதுதான். அதை எடுத்தால் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்தது போல வருகிறது. மேகத்துக்கு அடியில் நிற்பவனுக்கு மேகத்தின் வடிவம் தெரியாது. உருண்டு திரண்டு பொன்முலாம் பூசிக்கொண்டு நிற்கும் மேகங்கள் எல்லாம் பக்கத்து ஊர் மேகங்கள், அங்கே அடியில் நிற்பவனுக்கு அதுவும் சாம்பல்தான்.

படப் போட்டிகளுக்கு நடுவராகப் போக வாய்த்தபோதெல்லாம் இந்தப் படத்தை நினைத்துக்கொள்வேன். ‘வானம்’ என்று தலைப்புக் கொடுத்தால் வருவது அத்தனையும் அந்தி. அழகுதான், அதில் எனக்கு வழக்கு இல்லை. அழைப்பிதழுக்கு அந்தியைப் போட்டுக்கொள்ளட்டும், கல்யாணத்துக்கு நிறம் வேண்டும். பத்திரிகைச் செய்திக்கும், ஊர்த் தலவரலாற்றுப் புத்தகத்துக்கும், பள்ளிக்கூடச் சுவருக்கும் போகும் படங்களில் வானத்தைக் கழற்றி மாட்டுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்து, அன்றைக்கு எந்தப் பக்கத்துக் காற்று, மலையில் மூட்டம் எதுவரை இறங்கியிருந்தது என்று கேட்டால் படம் பதில் சொல்ல வேண்டும். என் படங்களின் கோப்புப் பெயரில் இப்போது தேதி, நேரம், கேமரா பார்த்த திசை, கொடித் துணி எந்தப் பக்கம் பறந்தது என்ற நான்கும் இருக்கின்றன. தலைப்பு வைப்பதை நிறுத்திவிட்டேன். ஸ்டூடியோக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்திருக்கிறேன், கோபுரம், மலை, மேகம் மூன்றும் ஒரே நொடியில் விழுந்த படங்களாகப் பார்த்து. “இது நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் நிறம் கம்மி” என்றார். நிறத்தைக் கூட்டித்தான் பயன்படுத்துவார், தெரியும். மலையாவது மிஞ்சும்.

இனி பாக்கி இருப்பது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். ஐப்பசியில் காற்று திரும்பிவிடும். ஈரம் வங்கக்கடல் பக்கமிருந்து வரும், ஏறுவது எங்கள் பக்கத்துச் சரிவில், மழையும் எங்களுக்கு. அப்படியென்றால் படச்சுருளில் நாக்குகள் எதிர்த்திசையில் ஓட வேண்டும், கரைகிற கோடு கேரளப் பக்கம் போய்விட வேண்டும், எங்கள் சரிவில் அந்தப் பாறை ஏறுமுக மேகத்தில் முழுக்க மூழ்க வேண்டும். ஓட்டத்தைக் காட்டுவதற்கு மேகத்தில் இடைவெளி வேண்டும், ஐப்பசியில் அது சுலபத்தில் கிடைப்பதில்லை. போன வருடம் கேமராவுக்கு ரெயின்கோட் போட்டுக் காத்திருந்ததில் மலையே ஒரு காலைதான் முகம் காட்டியது. கிழக்கே இருந்து மேகம் வருவதையும் சேர்த்து எடுத்தால்தான் கதை முழுமையாகும். அந்தப் பக்கத்துப் பார்வையைப் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஏற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. அவர் மாடியில் முக்காலி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். காற்றைப் படம் எடுக்க என்றேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றிருக்கிறார்.